இருபது அடி என்று எழுதிய கிணறு

வெங்கடலட்சுமிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அவள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி மெதுவாகப் பேச ஆரம்பித்தால், கணவர் சென்னகிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போய்விடுவார். 1996ஆம் வருடம் தை மாதத்திலிருந்து ஆனி மாதம்வரை அந்த வீட்டு மாடுகளுக்குத் தீனிக்குக் குறைவே இல்லை.

காரமடைக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி அவர்களுக்கு இரண்டரை ஏக்கர் இருந்தது. அவளுடைய அப்பா சீதனமாகக் கொடுத்த பூமி. பட்டா அவள் பேரில். அதில் ஓர் ஏக்கருக்குக் கறிவேப்பிலை, மீதிக்குச் சோளமும் அந்தந்தப் பருவத்துக் காயும். காயை மேட்டுப்பாளையம் மண்டிக்கு அவளே பஸ்ஸில் ஏற்றிப் போவாள். வீட்டுக்குள் பேச்சு தெலுங்குதான். ஆனால் வம்பு, வழக்கு, கோபம் எல்லாம் கொங்குத் தமிழில்தான் நடக்கும். தெலுங்கில் திட்டினால் பாதிப் பேருக்குப் புரியாமல் போய்விடுமே என்பாள்.

கிணறு தொண்ணூறு அடி. தண்ணீர் நிற்பது அறுபத்தெட்டில். இந்த இரண்டாவது எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் எல்லோரும் மறைத்தது அதைத்தான்.

கரண்ட் இல்லாததால் ஆயில் இன்ஜின். அதை மேலே வைத்தால் அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சாது என்பதால், கிணற்றுக்குள் ஐம்பத்தைந்து அடியில் பாறையை வெட்டி ஒரு மேடை கட்டி அதன்மேல் வைத்திருந்தார்கள். சென்னகிருஷ்ணனுக்குக் குடலிறக்கம், இன்ஜினின் ஹேண்டிலைச் சுற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் ராமுலு சிங்காநல்லூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை, வாரம் ஒருநாள்தான் வருவான். ஆகவே நாற்பத்தாறு வயதில் வெங்கடலட்சுமி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல்லில் ஒவ்வொன்றாகக் கால்வைத்து இறங்குவாள். ஹேண்டிலைச் சுற்றி இன்ஜினை ஓடவிட்டு, புகை கிணற்றை அடைப்பதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். தண்ணீர் பாய்ந்து முடிந்ததும் அதே புகைக்குள் இறங்கி நிறுத்த வேண்டும். ராத்திரி அவள் இருமினால் துணியில் கறுப்பாக வரும்.

கரண்ட் கனெக்‌ஷனுக்கு 1985இல் எழுதிப் போட்டிருந்தாள். பதினோரு வருடமாக வரிசையில் நின்றாள். ஒவ்வொரு ஆடியிலும் கரண்ட் ஆபீசுக்குப் போய்த் தன் எண் எங்கே நிற்கிறது என்று கேட்டு வருவாள். ஆயிரத்துக்குமேல் இருந்தது முந்நூறு ஆகி, நூறு ஆகி, போன ஆடியில் நாற்பதில் வந்து நின்றது. கனெக்‌ஷன் வந்தால் மேலே ஒரு ஸ்விட்ச். தட்டினால் தண்ணீர். கிணற்றுக்குள் இறங்க வேண்டாம். அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்ட சாமான் அந்த ஸ்விட்ச் ஒன்றுதான்.

தை மாதம் ராமுலுவுக்குப் பெண் தர ஒரு வீட்டார் வந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் லட்சுமணசாமி, சூலூர்ப் பக்கத்துக்காரர், வெள்ளைச் சட்டையும் வெற்றிலைப் பெட்டியுமாக வந்து இறங்கினார். பெண் கொடுக்கிற இடத்தைப் பார்க்க வரும் ஒரம்பரை, அதாவது உறவுக்காரர்கள், எத்தனை ஏக்கர் என்று நேராகக் கேட்பதில்லை. கேட்பது ஒரே கேள்விதான். கிணற்றில் தண்ணீர் எப்படி என்று. அதற்கு உண்மையான பதிலைச் சொல்வது அந்தச் சீமையில் வழக்கமில்லை. தண்ணி இல்லை என்று தன் வாயால் சொல்கிறவன், வீட்டில் அடுப்பெரியவில்லை என்று சொன்ன மாதிரி. பெருமழையில் நனைந்துகொண்டு நிற்கிற ஆள்போல முகத்தை வைத்துக்கொண்டு ஏதாவது ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். கேட்டவரும் தலையாட்ட வேண்டும்.

லட்சுமணசாமி இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதற்குள் ஒரு ஜீப் வந்து நின்றது. சூரிய சக்தி பம்புத் திட்டத்தின் அதிகாரி சீனிவாசலு கையில் விண்ணப்பப் பாரத்தோடு இறங்கினார். வெயிலில் ஓடும் பம்பு, டீசல் வேண்டாம், கரண்ட் வேண்டாம், பெரும்பங்கு சர்க்கார் மானியம். சொசைட்டியில் கேள்விப்பட்டுப் போன வாரம்தான் சென்னகிருஷ்ணன் பெயர் கொடுத்திருந்தார். அந்த மனிதர் வருவதற்கு இந்த நாள்தானா கிடைத்தது.

ஜீப்பின் முன்பக்கத்தில் பாரத்தை விரித்துவைத்து சீனிவாசலு கேட்டார். "தண்ணி எத்தனை அடியிலங்க நிக்குது?"

சென்னகிருஷ்ணன் அதிகாரியைப் பார்க்கவில்லை. லட்சுமணசாமியைப் பார்த்தார். "இருபது அடிங்க. மழை பேஞ்சா இன்னும் மேல வந்துருமுங்க."

"அட, பரவாயில்லீங்களே" என்றார் லட்சுமணசாமி. வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வருகிறேன் என்று கறிவேப்பிலைப் பக்கம் போனார்.

வெங்கடலட்சுமி காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். தட்டில் நாலு டம்ளர். வாயைத் திறந்து அறுபத்தெட்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் சொல்லவில்லை. மகன் கல்யாணம் என்று நினைத்தாள், டம்ளரை நீட்டினாள். கிணறு அங்கிருந்து பத்து எட்டு வைக்கிற தூரத்தில் இருந்தது. சீனிவாசலு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் 20 என்று எழுதினார். பிறகு ஆங்கிலத்தில் அச்சடித்த வேறொரு தாளை நீட்டினார்.

"பூமி அம்மா பேர்லதானுங்களே? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. மானியத்துக்கு ஒப்புதல், அவ்வளவுதானுங்க."

அவள் தமிழில் நிதானமாக, அழகாகக் கையெழுத்துப் போட்டாள். பின்னாளில் அந்தக் கையை அடுப்பில் வைக்கலாமா என்று தோன்றியது அவளுக்கு.

ஒரம்பரை போன பிறகு அவள் குரல் இறங்கியது. "ஒரம்பரைகிட்ட இருபதுன்னு சொன்னீங்க, சரி. ஆபீசருகிட்டப் போயி நாளைக்கே மாத்திச் சொல்லிப்போடுங்க."

"பைப்பைக் கொஞ்சம் நீளமாப் போட்டா ஆச்சு லட்சுமி. இதுக்குப்போயி" என்றார் சென்னகிருஷ்ணன். துண்டை உதறினார், தட்டு அறுக்கப் போனார். அடுத்த வாரம் சம்பந்தம் முடிவானது. ஆவணியில் முகூர்த்தம் பேசினார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவளும் விட்டுவிட்டாள்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி லாரியில் சாமான் வந்தது. மாதம் முடிவதற்குள் மாவட்டத்தில் இத்தனை பம்பு ஓடியாக வேண்டுமாம். பொருத்த வந்த பிட்டர் மைதீன் பிச்சை கோட்டைமேட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். பெட்டியை இறக்கிவைத்ததும் நேராகக் கிணற்றுக்குப் போய்க் குனிந்து பார்த்தார். ஒரு கல்லை எடுத்துப் போட்டார். சத்தம் வர எடுத்துக்கொண்ட நேரத்திலேயே அவர் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்கம்மா, இதா இருபது அடி?"

அவள் இறக்கிவைத்திருந்த பைப்பைக் காட்டினாள்.

"இந்த மோட்டாரு மேல உக்காந்துட்டு இருபது, இருபத்திரண்டு அடிதானுங்க உறிஞ்சும். பைப்பு எத்தனை நீளம் போட்டாலும் ஏறாது. கீழ எறக்கி வெச்சா மேல தள்ளறதுக்கு இதுக்குத் தெம்பு இல்லீங்க. ஆத்தோரத்துக்கு ஆன சாமானுங்க இது."

மறுநாள் சீனிவாசலு போட்டோ எடுக்கிறவரோடு வந்தார். மைதீன் பிச்சை அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னதை வெங்கடலட்சுமி பார்த்தாள். சீனிவாசலு கடிகாரத்தைப் பார்த்ததையும் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, "இதை ரொப்பி வெச்சுருங்கம்மா" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. போட்டோவுக்காகக் கட்டியிருந்த புதுச்சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஐம்பத்தைந்து அடி இறங்கினாள், இன்ஜினைச் சுற்றினாள், ஏறி வந்தாள். தொட்டி நிரம்பியது. இன்ஜினை நிறுத்தச் சொன்னார்கள். மறுபடி இறங்கி நிறுத்தினாள். மேலே வந்தபோது சூரிய பம்பின் உறிஞ்சு குழாய் தொட்டிக்குள் கிடந்தது. ஸ்விட்சைப் போட்டார்கள். தொட்டியிலிருந்த தண்ணீர் பம்புக்குள் போய், வெளியே வளைந்து பளபளவென்று மறுபடி அதே தொட்டியில் விழுந்தது. கற்பூரம் காட்டினார்கள். அவளைத் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள்.

"கொஞ்சம் சிரிங்கம்மா."

அவள் சிரித்தாள். காதில் பூச்சுற்ற வந்தவர்களுக்குத் தானே பூப்பறித்துக் கொடுத்தது அன்றைக்குத்தான். மைதீன் பிச்சை மட்டும் போட்டோவில் நிற்க மாட்டேன் என்று லாரிப் பக்கம் போய்விட்டார். போகும்போது தோட்டத்து வழியில் ஒரு மஞ்சள் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். சூரிய சக்தி பம்புத் திட்டம். பயனாளி: சி. வெங்கடலட்சுமி. நீர்மட்டம்: 20 அடி.

சித்திரை முடியும்போது ஊருக்குள் கரண்ட் கம்பம் வந்து இறங்கியது. அவளுக்குப் பின்னால் எழுதிப்போட்ட பங்காருவின் தோட்டத்துக்குக் குழி தோண்டினார்கள். தனக்கு முன்னால் அவருக்கு எப்படி என்று அவள் காரமடைக்கு பஸ் ஏறினாள். கரண்ட் ஆபீசில் இருந்த கிளார்க் நல்ல பையன். பேரேட்டைத் திருப்பிக் காட்டினான். அவள் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

"நீங்களேதானேம்மா விட்டுக்கொடுத்திருக்கீங்க. சூரிய பம்பு வாங்கினா வரிசைல இருக்கற எடத்தை விட்டுத் தரணும். இதா, கையெழுத்து உங்களுதுதானுங்களே?"

அவளுடையதுதான். அழகான கையெழுத்து.

அங்கிருந்து அப்படியே சீனிவாசலுவின் ஆபீசுக்குப் போனாள். அவர் மரியாதையானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கேட்டுக்கொண்டார்.

"தண்ணி இருபது அடின்னு சொன்னது உங்கூட்டுக்காரருங்க. தப்பான தகவல் குடுத்து மானியம் வாங்கிட்டோம்னு நீங்க எழுதிக் குடுத்தா மேல அனுப்பறேன். ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சுபோகுங்க. யோசிச்சுக்கங்க."

"நீங்க ஒருக்கா எட்டிப் பாத்திருந்தா ஆகியிருக்காதுங்களே."

"எங்க பாரத்துல எட்டிப் பாக்கோணும்னு இல்லீங்கம்மா" என்றார் சீனிவாசலு. கிண்டல் இல்லை அதில். நிஜமாகவே சொன்னார். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. கிண்டல் செய்திருந்தால் பதிலுக்கு ஒன்று கொடுத்துவிட்டு வந்திருப்பாள்.

வீட்டில் சென்னகிருஷ்ணன் ஒரே பிடியாக நின்றார். "ஆவணில கல்யாணம். அறுபத்தெட்டுன்னு வெளிய தெரிஞ்சா பொண்ணு தருவாங்களா? அவிய தண்ணியைப் பாத்துத்தான் சரின்னாங்க. பொறு. கல்யாணம் ஆகட்டும்."

"கல்யாணத்துக்குள்ள கம்பமெல்லாம் நட்டு முடிச்சுருவாங்க. பொறவு எத்தனை வருசமோ."

"பதினோரு வருசம் எறங்கினவளுக்கு இன்னும் கொஞ்ச வருசம் எறங்க முடியாதா?"

இதைச் சொன்ன கணமே அவருக்கே தெரிந்தது, தப்பு என்று.  அவள் குரல் இறங்கி இறங்கி இல்லாமலே போனது அன்றைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை வந்த ராமுலு, "நீங்க பாத்துச் செய்யுங்கம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவை அவள் தலையில் கட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அந்த வாரம் இன்ஜினை நிறுத்த இறங்கும்போது புகையில் கண் மறைத்தது. மேடைக்கு எட்டுப் படி மேலே கால் வழுக்கியது. கை பிடித்த கல் காப்பாற்றியது; முழங்கால்தான் சிதைந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு மேடைமேல் உட்கார்ந்தாள். மேலே வட்டமாக வானம் தெரிந்தது. கீழே விழுந்து கிடந்தால் எத்தனை அடியில் கிடந்தாள் என்று அப்போது மட்டும் சரியாக அளப்பார்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. இரண்டும் அடங்கிய பிறகு மிஞ்சியது கோபம்தான். அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள்.

ஆனி மாதம் கோவையில் விவசாயிகளின் குறைகேட்கும் கூட்டம் நடந்தது. அன்றைக்குக் காலையில் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டாள். பத்தடிக்கு ஒரு சிவப்புத் துணியை முடிந்திருந்தாள். கல் தண்ணீரைத் தொட்டதும் கிணற்று விளிம்பில் கயிற்றை அறுத்து, அப்படியே சுற்றி மஞ்சள் பையில் போட்டுக்கொண்டாள். சென்னகிருஷ்ணன் வாசலில் மறித்து நின்றார். "ஏனுங்க, நகருங்க" என்றாள். அவர் நகர்ந்தார்.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். மேடையில் அதிகாரிகள், ஓரத்தில் சீனிவாசலு. அவள் பெயரைக் கூப்பிட்டபோது மனுவை நீட்டவில்லை. கயிற்றை எடுத்தாள். ஒரு நுனியைச் சீனிவாசலுவின் கையில் கொடுத்து, "புடிச்சுக்கங்க" என்றாள். நாற்காலிகளுக்கு நடுவே விரித்துக்கொண்டே பின்னால் நடந்தாள். இரண்டாவது துணியில் நின்றாள். "இது எங்கூட்டுக்காரரு சொன்ன தண்ணிங்க." மறுபடி நடந்தாள். வரிசைகள் தாண்டின. தலைகள் திரும்பின. மண்டபத்தின் வாசலுக்கு வெளியே போய்த்தான் கயிறு முடிந்தது. அங்கிருந்து சொன்னாள், கத்தாமல். எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்ததால் கேட்டது.

"இது எங்க கெணத்துத் தண்ணிங்க. அறுபத்தெட்டு. ஒரம்பரை முன்னால மானம் போகக் கூடாதுன்னு எங்கூட்டுக்காரரு பொய் சொன்னாருங்க. நான் காப்பித் தட்டோட பக்கத்துலயே நின்னு கேட்டுட்டு இருந்தனுங்க. என்ர தப்பும்தான். ஆனா கெணறு அங்கயேதான் இருந்துச்சுங்க. பத்து எட்டு. எழுதறவரு ஒருக்கா எட்டிப் பாக்கலீங்க. பிட்டரு பாத்துச் சொன்ன பொறவும் தொட்டித் தண்ணியைத் தொட்டிக்கே உட்டுப் போட்டோ புடிச்சாங்க. அந்தத் தண்ணியை எறச்சதும் நாந்தானுங்க. பம்பை எடுத்துக்கங்க. என்ர எடத்தைக் குடுங்க."

அப்போதுதான் கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையும் வெற்றிலைப் பெட்டியுமாக உட்கார்ந்திருந்த லட்சுமணசாமியைப் பார்த்தாள். வேறேதோ குறையைச் சொல்ல வந்தவர். கயிறு அவர் காலைத் தொட்டுக்கொண்டுதான் போயிருந்தது.  ஆனாலும் சொன்னதை அவள் திருப்பி எடுக்கவில்லை.

மேடையில் கலந்து பேசினார்கள். பம்பைத் திரும்ப எடுக்க வழியில்லையாம்; மார்ச்சோடு அந்த வருடத்து வேலை முடிந்ததாகக் காட்டியாயிற்று. பம்பு அவளிடம் இருக்கும்வரை வரிசையில் பழைய இடமும் தர முடியாதாம். வேண்டுமானால் இன்றைய தேதியில் புதிதாக எழுதிப் போடலாம், சிறப்பு நிகழ்வாகப் பரிசீலிக்கப்படும் என்றார் நடுவில் உட்கார்ந்திருந்தவர். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள். லட்சுமணசாமி வந்து நின்றார். சம்பந்தத்தை முறித்துப் பேச வந்திருக்கிறார் என்று நிமிர்ந்து நின்றாள்.

"கல்யாணத்துல ஒண்ணும் மாத்தமில்லீங்க அம்மணி" என்றார் அவர். "நான் அன்னைக்கே எட்டிப் பாத்தனுங்க. வெத்தலை துப்பப் போனப்ப."

அவள் கை நின்றது.

"பாத்துட்டு?"

"என்ர கெணத்துல தண்ணி நூத்திப் பத்துலங்க. உங்கூட்டுக்காரருகிட்ட முப்பதுன்னுதான் சொல்லியிருக்கறேன். யாரு ஊட்டுலங்க இப்ப இருபது அடில தண்ணி நிக்குது? பையன் நல்ல பையன், அது போதும்னு நெனச்சேன். ஆபீசரு முன்னால கேட்டா மரியாதையா இருக்காதுன்னு உட்டுப்போட்டனுங்க."

அவர் நல்ல மனிதர். ஆறுதலாகத்தான் சொன்னார். கல்யாணம் நிலைத்தது என்று வெங்கடலட்சுமி மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. யாருக்காக அந்தப் பொய்யோ, அவர் ஒருவர்தான் அன்றைக்குக் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறார். அவரை ஏமாற்றவே இல்லை. ஏமாந்தது பாரம் ஒன்றுதான், அதற்கு விலை அவள் நின்ற வரிசை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க அண்ணா" என்றாள், மிகவும் மெதுவாக. "உங்க மரியாதைக்கும் எங்கூட்டுக்காரரு மானத்துக்கும் என்ர பதினோரு வருசம் போச்சுங்க."

லட்சுமணசாமி வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சேலைகூட மாற்றவில்லை. மாட்டுக்கொம்புக்குப் பூச வைத்திருந்த சிவப்புப் பெயிண்டை எடுத்துக்கொண்டு மஞ்சள் பலகையிடம் போனாள். 20 என்பதை அடித்துவிட்டு மேலே 68 என்று எழுதினாள், ரோட்டில் போகிறவனுக்கும் தெரியும்படி பெரிதாக. சென்னகிருஷ்ணன் பின்னாலேயே வந்தார்.

"கல்யாணத்துக்கு ஒரம்பரை எல்லாம் இந்த வழியாத்தான வருவாங்க லட்சுமி."

"வரட்டுங்க. படிக்கட்டும்."

பெயிண்ட் டப்பாவை அவர் கையில் கொடுத்தாள். பிறகு ஹேண்டிலை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினாள். கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட்டு ஆறு நாள் ஆகியிருந்தது.